வந்துபோன வாதம்: மில்லர் ஃபிஷரின் மருத்துவ வாழ்க்கை



பக்கவாதத்தைப் பற்றிப் பேசும்படி அழைத்தார்கள். நான்கு படம் காட்டி, நாற்பது புள்ளிவிவரம் அடுக்கி, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அப்படிப் பேசியதில் எதுவும் மறுநாள் யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஆகவே ஒரு மனிதரின் வேலையைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். சார்லஸ் மில்லர் ஃபிஷர் என்பது அவர் பெயர். கனடா நாட்டுக்காரர், பிற்காலத்தில் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றியவர்.

இங்கே உட்கார்ந்திருக்கும் மருத்துவ மாணவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். தெரிந்தது பெரும்பாலும் 'மில்லர் ஃபிஷர் சிண்ட்ரோம்' வழியாகத்தான் இருக்கும். கண்கள் அசையாமல் போவது, நடை தள்ளாடுவது, சுத்தியலால் தட்டினால் கால் துள்ளாமல் இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்த அந்த நோயை, 1956ல் மூன்று நோயாளிகளை வைத்து அவர் எழுதினார். தேர்வில் கேட்பார்கள் என்பதால் எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அது அரிய நோய். தினந்தோறும் நம் மருத்துவமனைகளின் வாசலில் வந்து இறங்குகிற பக்கவாதத்தில் அவர் செய்த வேலைதான் பெரியது. அந்த வேலை அன்றாட மருத்துவத்தில் அப்படியே கலந்துபோய்விட்டதால், அதைச் செய்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

ஒன்டாரியோ மாகாணத்தின் வாட்டர்லூ ஊரில் 1913 டிசம்பர் 5 அன்று பிறந்தவர். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் 1938ல் மருத்துவப் பட்டம் பெற்றார். போர் வந்தது. கனடியக் கடற்படையில் சேர்ந்தவரை பிரிட்டிஷ் கடற்படைக்குக் கடனாக அனுப்பினார்கள். அவர் மருத்துவராக இருந்த 'வால்டேர்' என்ற கப்பலை, 1941 ஏப்ரல் 4 அன்று, அட்லாண்டிக் கடலில் 'தோர்' என்ற ஜெர்மன் கப்பல் மூழ்கடித்தது. உயிர் பிழைத்தவர்களில் ஒருவராக ஜெர்மனியில் போர்க்கைதியானார். சுமார் மூன்றரை ஆண்டுகள் முகாம் வாழ்க்கை. 27 வயதில் பிடிபட்டவர், 30 வயதில் விடுதலையானார். சிறைதான் அவருக்குப் பொறுமையைக் கற்றுத்தந்தது என்று சொல்லிவிட ஆசை வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூடப் பயின்றவர்கள் தொழிலில் ஊன்றுகிற வயதில் மூன்றரை ஆண்டுகளைப் பறிகொடுத்தார், அவ்வளவுதான். திரும்பி வந்து மான்ட்ரியல் நரம்பியல் கழகத்தில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி. பிறகு 1949ல் பாஸ்டன் சிட்டி மருத்துவமனையில் ரேமண்ட் ஆடம்ஸிடம் மூளை நோய்க்கூறியல் பயிற்சி. இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்க்கிற அந்த வேலைதான் அவரை உருவாக்கியது என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் பக்கவாதத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிடி ஸ்கேன் கிடையாது. அது முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது 1971 அக்டோபர் 1 அன்று, லண்டனின் விம்பிள்டன் பகுதியில். அதற்கு முன்பு, மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா, ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதா என்று உயிரோடு இருப்பவரிடம் உறுதியாகச் சொல்ல வழியில்லை. முதுகுத்தண்டு நீரை எடுத்து, அதில் ரத்தம் தெரிந்தால் ஓரளவு சொல்லலாம், தெரியாவிட்டால் ஊகம்தான். வயதானவர்களுக்கு வருவது, வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இருந்தது. நரம்பியலில் பெயர் எடுக்க விரும்பியவர்கள் வேறு அரிய நோய்களை நாடிப் போனார்கள். வாதக்காரர் வார்டின் கோடியில் கிடந்தார்.

விளக்கங்கள் இல்லாமல் இல்லை. மூளைக்குள்ளே இருக்கும் தமனி அடைத்துக்கொள்கிறது என்று பாடநூல்கள் சொல்லின. சிலருக்குக் கை கொஞ்ச நேரம் விழுந்து, பிறகு தானாகச் சரியாகிறதே, அது ஏன் என்று கேட்டால், ரத்தக் குழாய் இழுத்துச் சுருங்கி மறுபடி விரிகிறது என்றார்கள். யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் பதில் வசதியாக இருந்தது. சுருங்கியது விரிந்துவிட்டால் அப்புறம் கவலைப்பட ஒன்றுமில்லை அல்லவா?

1950ஐ ஒட்டி, ஃபிஷர் மான்ட்ரியலுக்குத் திரும்பி, முன்னாள் படைவீரர்களுக்கான குயின் மேரி மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் விழுந்துபோன நோயாளி ஒருவர் தன் கதையைச் சொன்னார். வாதம் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு கண்ணில் பார்வை பல முறை போய்ப் போய் வந்ததாம். எந்தக் கண் என்று கேட்டால், வாதம் வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துக் கண் என்றார். கேட்பவருக்கு இது இடிக்கும். உடம்பின் ஒரு பக்கம் விழுந்தவருக்குப் பார்வைக் குறைவும் அந்தப் பக்கமாகத்தான் வரும் என்பது பாடம். நோயாளி குழம்புகிறார் என்று மாற்றி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். எத்தனை மருத்துவர்கள் அதற்கு முன் அப்படி மாற்றி எழுதினார்களோ! ஃபிஷர் எழுதவில்லை. அந்த ஆள் சொல்வது சரியாகவே இருந்தால் நோய் எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்தார்.

இடது கண்ணுக்கும் மூளையின் இடது பாதிக்கும் ரத்தம் தருவது ஒரே குழாய்: இடது கழுத்தில் ஏறுகிற கரோட்டிட் தமனி. மூளையின் இடது பாதி ஆள்வது உடம்பின் வலது பக்கத்தை. ஆகவே இடது கண் அடிக்கடி இருண்டு, பின்பு வலது பக்கம் விழுந்தால், இரண்டையும் இணைக்கிற இடம் மூளைக்குள்ளே இல்லை, கழுத்தில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சமையலறைக் குழாயையே கழற்றிக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; மாடியிலிருந்து இறங்கும் பைப்பை யாரும் பார்க்கவில்லை.

பார்க்காததற்குக் காரணமும் உண்டு. பிரேதப் பரிசோதனையில் மண்டையைத் திறந்து மூளையை எடுப்பார்கள், நெஞ்சைத் திறந்து இதயத்தை எடுப்பார்கள்; நடுவே இருக்கும் கழுத்தை விட்டுவிடுவார்கள். மேலை நாடுகளில் உடலைப் பதப்படுத்துகிறவர்கள் கழுத்துத் தமனிகள் வழியாகத்தான் மருந்தைச் செலுத்துவார்கள். அவற்றை வெட்டி எடுத்துவிட்டால் அவர்கள் பாடு கஷ்டம். ஃபிஷர் பிரேத அறைக்குப் போய்க் கழுத்துத் தமனிகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். தாடை எலும்புக்குக் கீழே, தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைத்துக் கிடந்தது. மேலே மூளைத் தமனிகள் பல பேருக்குச் சுத்தமாக இருந்தன. 1951ல் கட்டுரை வெளியானது.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். நியூயார்க்கின் ராம்சே ஹன்ட் 1914லேயே கழுத்துத் தமனிகளைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். லிஸ்பனின் எகாஸ் மோனிஸ் 1927ல் தமனிக்குள் மருந்து செலுத்திப் படம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, 1937ல் கரோட்டிட் அடைப்புகளைப் படத்திலேயே காட்டினார். செய்தி இருந்தது, கேட்க ஆள் இல்லை. ஃபிஷர் அந்தச் செய்தியோடு வேறொன்றைச் சேர்த்தார். வாதம் பல பேருக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது என்பதே அது. கண் ஐந்து நிமிடம் இருள்கிறது, கை பத்து நிமிடம் தொங்குகிறது, நாக்கு குழறுகிறது, சரியாகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் சரியாவதில்லை. நிலைக்காமல் வந்துபோகிற இந்தச் சிறு தாக்குதலை நோயின் முதல் அத்தியாயமாக அவர் படித்தார். என் கணக்கில் அவருடைய கண்டுபிடிப்புகளிலேயே பெரியது இதுதான்.

அறிவிப்பு உண்டு என்றால், இடையில் தடுக்கவும் நேரம் உண்டு. அந்த 1951 கட்டுரையிலேயே, அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு வேறு வழி அமைத்துக்கொடுக்கும் அறுவைச் சிகிச்சை ஒரு நாள் வரும் என்று ஃபிஷர் எழுதினார். அறுவை மருத்துவர்கள் காத்திருக்கவில்லை. அதே ஆண்டில் பியூனஸ் அயர்ஸில் ரவுல் கரேயா ஒருவருக்குக் கழுத்துத் தமனியைச் சீர்செய்தார். 1954ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகியோர் 66 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அடைத்த பகுதியை வெட்டி நீக்கி இணைத்தார்கள். அதற்கு முந்தைய சில மாதங்களில் அவருக்கு 33 முறை வாதம் வந்து வந்து போயிருந்தது. அறுவைக்குப் பின் நின்றுவிட்டது. அதே 1954ல் ஃபிஷரை ஆடம்ஸ் பாஸ்டனுக்கு அழைத்துக்கொண்டார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பக்கவாதத்துக்கென்றே ஒரு பிரிவை ஃபிஷர் அமைத்தார்.

இனி வருவதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம். அடைப்பைத் தாண்டி மண்டைக்கு வெளியிலுள்ள தமனியை உள்ளிருக்கும் தமனியோடு இணைக்கும் நுண் அறுவையை 1967ல் ஜூரிக்கில் காஸி யாஷர்கில் செய்து காட்டினார். ஃபிஷர் சொன்ன மாற்றுவழி கைகூடிவிட்டது. உலகமெங்கும் செய்தார்கள். பார்க்க அழகான அறுவை. தர்க்கம் மறுக்க முடியாதது. ரத்தம் போகவில்லை, போகச் செய்கிறோம், இதில் என்ன சந்தேகம்? கனடாவின் ஹென்றி பார்னெட் சந்தேகப்பட்டார். 1,377 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அறுவை, ஒரு பகுதிக்கு மாத்திரை மட்டும் என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். 1985ல் முடிவு வந்தது. அறுவையால் வாதம் குறையவில்லை. அதே பார்னெட் பிறகு கழுத்துத் தமனியைத் திறந்து படிவை எடுக்கும் பழைய அறுவையையும் அதே தராசில் நிறுத்தினார். 1991ல் அந்த முடிவு: ஏற்கெனவே அறிகுறி காட்டி, 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கிய தமனி உள்ளவர்களில், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் இரண்டு ஆண்டுக்குள் 26 சதவீதத்தினருக்கு அந்தத் தமனிப் பக்கத்து மூளையில் வாதம், அறுவை செய்துகொண்டவர்களில் 9 சதவீதத்தினருக்கு. ஒன்று தோற்றது, ஒன்று வென்றது. எது வெல்லும் என்று முன்கூட்டித் தர்க்கத்தால் சொல்லியிருக்க முடியாது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு கசப்பான முடிவு உண்டு. வாதம் வந்தவருக்கு வீட்டாரே பயிற்சி கொடுத்தால் தேறுவார் என்பது யாருக்கும் நியாயமாகப் படும். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன், சிட்னியின் ரிச்சர்ட் லிண்ட்லி முதலானோர் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். 2017ல் வெளியான முடிவு: கூடுதல் பலன் தெரியவில்லை. எதிர்பார்த்தது வரவில்லை என்று அச்சில் போடும் ஆராய்ச்சியாளர்களை நம் கல்லூரிகள் இன்னும் கொஞ்சம் கொண்டாட வேண்டும். விருதுக் குழுக்களில் இருப்பவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

ஃபிஷருக்கு வருவோம். கண் இருளும்போது உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வியை அவர் விடவில்லை. விழித்திரைத் தமனிகள் மட்டும்தான், உடம்பைத் திறக்காமல் நேரே பார்க்கக்கூடிய தமனிகள். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே கருவியோடு அருகில் இருந்தால் பார்க்கலாம். ஆனால் அது எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும்? அவருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. வெண்மையான துணுக்குகள் விழித்திரைத் தமனிக்குள் மெல்ல நகர்ந்து போவதைப் பார்த்தார். 1959ல் எழுதினார். எங்கிருந்தோ உடைந்து மிதந்து வந்த பொருள் வழியை அடைக்கிறது, கரைகிறது, நகர்கிறது, பார்வை திரும்புகிறது. குழாய் சுருங்கி விரியும் கதை அத்தோடு பலமிழந்தது. வந்துபோன தாக்குதலுக்குப் பின்னால் உடைந்துகொண்டிருக்கும் ஒரு படிவு எங்கோ இருக்கிறது. அடுத்த துணுக்கு எந்த நேரத்திலும் வரலாம். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் உருவாகும் ரத்தக் கட்டி மூளைக்குப் போவதையும் ஆடம்ஸோடு சேர்ந்து அவர் முன்பே வலியுறுத்தியிருந்தார். இன்று அந்த நோயாளிகளுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுக்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

அடுத்து, பெரிய தமனிகளை விட்டுச் சிறியவற்றுக்குப் போனார். மூளையின் அடியாழத்தில், 15 மில்லிமீட்டருக்குள் அடங்கும் சிறு குழிகள். பாரிஸில் பியர் மாரி 1901லேயே விவரித்து, பிறகு மறக்கப்பட்டவை. ஃபிஷர் 1,042 மூளைகளை அறுத்துப் பார்த்தார். 114 மூளைகளில் 376 குழிகள். அந்த 114 பேரில் ஏறக்குறைய எல்லோருக்கும் ரத்தக் கொதிப்பு இருந்தது. 1965ல் இதை எழுதியதோடு நிற்காமல், ஒரு குழிக்குப் போகும் மயிரிழை போன்ற தமனியை அடுத்தடுத்த மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்து, அது எங்கே அடைத்தது, சுவர் எப்படிக் கெட்டது என்று தேடிக் கண்டார். எந்தக் குழி எந்த அறிகுறியைத் தரும் என்பதையும் படுக்கையருகே இருந்து வகுத்தார். முகம், கை, கால் மூன்றும் ஒரே அளவில் விழுந்து, உணர்ச்சியும் பேச்சும் நன்றாகவே இருந்தால் குழி ஓரிடத்தில். பலமெல்லாம் இருந்து ஒரு பக்கம் முழுக்க மரத்துப்போனால் வேறிடத்தில். ஸ்கேன் வருவதற்கு முன்பே ஸ்கேனில் தெரியப்போவதைச் சொல்லிவிட்டார். ஸ்கேன் வந்தபின் பெரும்பாலும் அப்படியே இருந்தது.

இந்தக் குழிகளைத் தடுக்க அறுவை வேண்டாம், விலை உயர்ந்த மருந்து வேண்டாம்; பெரும்பாலும் பிரஷர் மாத்திரை போதும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலில் வந்து பிபி பார்த்து மாத்திரை தருகிறார்களே, அந்தச் சுகாதாரத் தன்னார்வலர் செய்வது இந்த வேலைதான். ஆனால் நமக்கு ஒரு பழக்கம். 'பிபி இப்போ நார்மல்தான் டாக்டர், அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்' என்று சொல்லாத நோயாளியைப் பார்த்த மருத்துவர் இந்த அரங்கில் இருந்தால் கை தூக்கட்டும்.

ஃபிஷர் எப்படி வேலை செய்தார் என்று அவருடைய மாணவர் லூயி கேப்லன் 1982ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் மாணவர்களுக்குப் பயன்படும் ஒன்றை என் சொற்களில் சொல்கிறேன்: ஒரு கருத்து தோன்றினால், அதைப் பொய்யாக்க உன்னால் முடிந்த எல்லாம் செய்து பார். நோயாளியின் அருகிலேயே சந்தேகத்தைத் தீர்த்துக்கொள், அறைக்குப் போய்த் தீர்க்கலாம் என்று தள்ளாதே. ஒரே நோயாளியிடம் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார் என்கிறார்கள். நம் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் இது நடக்குமா என்று கேட்பீர்கள். எல்லோரிடமும் நடக்காது. புரியாத ஒருவரிடமாவது நடக்கலாம்.

அவருடைய இந்த வேலைகளுக்குப் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1995 டிசம்பரில், ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் ஊசியில் செலுத்தினால் பலன் உண்டு என்று 624 நோயாளிகளின் ஆய்வு காட்டியது. மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து 0.6லிருந்து 6.4 சதவீதமாகக் கூடியபோதும், மூன்று மாதம் கழித்து ஊனமின்றி எழுந்தவர்கள் அதிகம். 2008ல் அந்த நேரம் நாலரை மணியாக நீண்டது. நெதர்லாந்தின் 500 நோயாளிகள் ஆய்வு, தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையை நிலைநாட்டியது. அது அச்சாவதற்கு முன்பே, 2012 ஏப்ரலில், 98ஆம் வயதில் ஃபிஷர் மறைந்துவிட்டார்.

இவையெல்லாம் வாதம் வந்தபின் செய்வது. அவர் காட்டிய முந்தைய அறிவிப்பு என்ன ஆயிற்று? 2000ல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வு ஒன்றில், வந்துபோன தாக்குதலோடு அவசரப் பிரிவுக்கு வந்த 1,707 பேரைப் பின்தொடர்ந்தார்கள். மூன்று மாதத்துக்குள் பத்தில் ஒருவருக்கு முழு வாதம். அதில் பாதி, முதல் இரண்டே நாளில். ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராத்வெல் குழு 2007ல் வெளியிட்ட ஆய்வை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முன்பெல்லாம் மருத்துவமனையில் நேரம் வாங்கிக் காத்திருந்து, மருந்து பிறகுதான் தொடங்கும். அதை மாற்றி, வந்த நாளிலேயே பார்த்து உடனே மருந்தைத் தொடங்கினார்கள். மூன்று மாதத்தில் மீண்டும் வாதம் வந்தவர்கள் 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தார்கள். புது மருந்து ஒன்றும் இல்லை. ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை, தேவைப்பட்டவர்களுக்குக் கழுத்துத் தமனி அறுவை, எல்லாம் பழையவை. நாள் மட்டும்தான் மாறியது.

நம் வீடுகளில் அந்த நாள் எப்படிப் போகிறது? 'வெயில்ல நின்னுட்டேன்', 'சரியா சாப்பிடல', 'வாயுப் பிடிப்பு', 'தூங்குன வாக்குல கை மரத்துப்போச்சு'. சோடா குடிக்கிறோம், தைலம் தேய்க்கிறோம், சுற்றிப் போடுகிறோம். பத்து நிமிடத்தில் சரியாகிறது. சோடாவுக்கு நல்ல பெயர். அறிகுறி போய்விட்டதால் டாக்டரிடம் காட்ட ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம்; உண்மையில் காட்டுவதற்கு மிகச் சரியான நேரம் அதுதான், ஏனென்றால் மூளை இன்னும் கெடவில்லை.

மருத்துவ மாணவர்களே, அவசரப் பிரிவில் 'இப்போ சரியாயிடுச்சு' என்று ஒருவர் சொன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். என்ன போயிற்று, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று கேட்டு எழுதுங்கள், நாடியைப் பிடியுங்கள், கழுத்துத் தமனியைப் பாருங்கள். மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ திடீரென்று வாய் கோணினால், ஒரு கை ஒரு கால் விழுந்தால், பேச்சு குழறினால், ஒரு கண் இருண்டால், மணியைப் பார்த்து வைத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டாலும் ஏறிப் போங்கள். அன்றே போங்கள், மறுநாள் வேண்டாம்.